எந்த வேலைக்கு எந்த நிரல்மொழி: அடகுக்கடை முதல் ஆழ்துளைக் கிணறு வரை

காரைக்குடி செக்காலை ரோட்டிலோ தேவகோட்டைக் கடைத்தெருவிலோ இருக்கும் நகை அடகுக்கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் ஓடுவது இருபது வருடத்துக்கு முன்னால் ஃபாக்ஸ்ப்ரோவிலோ விஷுவல் பேசிக் 6-இலோ யாரோ எழுதிக்கொடுத்த வட்டிக் கணக்கு. எழுதியவரின் போன் நம்பர் இப்போது யாரிடமும் இல்லை. விஷுவல் பேசிக் 6 வந்தது 1998-இல்; அந்த நிரல் எழுதும் கருவிக்கான ஆதரவை 2008 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 9-வது பதிப்போடு நின்றது. அதற்கும் 2015 ஜனவரியில் ஆதரவு முடிந்தது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கும் நாளில் பேச்சு எழுகிறது: மாற்றி எழுதிவிடலாமா, எந்த மொழியில்? கடைக்காரர் மகன் பைத்தான் என்கிறார். மருமகன் ஜாவா என்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் பங்காளி வீட்டுப் பையன் ரஸ்ட்தான் வேகம் என்கிறான்.

மூன்று பேரும் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறார்கள். கடைக்கு வேண்டியது என்ன என்பது இன்னும் பேச்சிலேயே வரவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது, நிரல் எங்கே உட்கார்ந்து ஓடப்போகிறது என்பதை. பாதித் தேர்வை இடமே செய்துவிடும். பிரவுசருக்குள் ஓட வேண்டுமென்றால் ஜாவாஸ்கிரிப்ட்தான். டைப்ஸ்கிரிப்டில் எழுதினாலும் கடைசியில் ஜாவாஸ்கிரிப்டாக மாறித்தான் ஓடும். 2 கிலோபைட் மெமரி உள்ள சிப்பில் ஓட வேண்டுமென்றால் சி அல்லது சி பிளஸ் பிளஸ். கடையில் இருப்பது இன்னும் விண்டோஸ் 7 என்றால், அதில் ஏறும் கடைசிப் பைத்தான் பதிப்பு 3.8, அந்தப் பதிப்புக்கே பாதுகாப்புத் திருத்தம் வருவது 2024-இல் நின்றுவிட்டது. இப்படி இடம் கழித்த பிறகு இரண்டு மூன்று மொழிகள் மிஞ்சும். அவற்றுள் எதை எடுப்பது என்பதை, எழுதியவர் போன பிறகு யார் பார்த்துக்கொள்வார் என்ற கேள்வி முடிவு செய்ய வேண்டும். வேகம் கடைசியில் வந்தால் போதும். ஒரு நாளைக்கு நூறு ரசீது போடும் கடையில் எந்த மொழியும் மெதுவான மொழி அல்ல.

இந்த இரண்டாவது கேள்வி செட்டிநாட்டுக்குப் பழையது. ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் நகரத்தார் கடை வைத்திருந்த காலத்தில், மேலாள் பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கில் போய்வருவார். தவணை முடிந்ததும் கணக்கு அடுத்தவர் கைக்கு மாறும். குறிப்பேட்டில் அன்றன்றைய வரவுசெலவு, பேரேட்டில் ஆள்வாரியாகப் பற்றுவரவு, முடிவில் எல்லாவற்றையும் திரட்டிய ஐந்தொகை. ஒருவர் எழுதிய ஏட்டை இன்னொருவர் பிரித்த உடனே படிக்க முடிந்தது; ஊரில் இருந்த முதலாளியும் தபாலில் வந்த கணக்கை வைத்தே கடல் கடந்த கடையைச் சரிபார்த்தார். அந்த முறையை யாரும் ஒருவர் வசதிக்காக மாற்றி எழுதவில்லை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவனும் அதே முறையில்தான் பழகி மேலே வந்தான். மென்பொருளில் மொழியைத் தேர்ந்தெடுப்பதும் இதே கைமாற்றுக் கணக்குதான்.

பைசா, தேதி, கடையின் வழக்கம்

அடகுக்கடைக்குத் திரும்புவோம். இங்கே தவறு நடக்கும் இடங்கள் மூன்று. முதல் இரண்டில் மொழிக்கு மொழி நடத்தை வேறு.

முதலாவது பைசா. பெரும்பாலான மொழிகளில் புள்ளி வைத்த எண், 0, 1 மட்டும் உள்ள இரண்டடிமான வடிவில் சேமிக்கப்படும். அந்த வடிவில் 0.1 என்ற எண்ணைத் துல்லியமாக எழுதவே முடியாது. அதனால் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். 4.35 ரூபாயைப் பைசாவாக்க 100-ஆல் பெருக்கினால் 434.99999999999994, பின்னத்தை வெட்டி முழு எண்ணாக எடுத்தால் 434 பைசா. ஒரு பைசா போய்விட்டது. சாயங்காலம் கல்லாவை எண்ணும்போது இது தெரியாது. வருட முடிவில் கணக்கு இடிக்கும்போது எங்கே தேடுவது என்றும் தெரியாது. இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, பணத்தைப் பைசாவாகவும் தங்கத்தை மில்லிகிராமாகவும் முழு எண்ணில் வைப்பது. ஒரு சவரன் என்றால் 8000. இன்னொன்று, பத்தடிமான எண்வகையைப் பயன்படுத்துவது: சி ஷார்ப்பில் டெசிமல் மொழியோடு கூடவே இருக்கிறது, ஜாவாவில் பிக்டெசிமல், பைத்தானில் டெசிமல் நூலகம் (நூலகம் என்றால் தயாராக எழுதிவைத்த நிரல் தொகுப்பு). பைத்தானிலும் ஜாவாவிலும் ஒரு கண்ணி உண்டு. மதிப்பை மேற்கோளுக்குள் எழுத்துச் சரமாகக் கொடுக்க வேண்டும், வெறும் 0.1 என்று கொடுத்தால் அந்தப் பழைய பிழையே டெசிமலுக்குள்ளும் நுழையும். ஜாவாஸ்கிரிப்டில் பத்தடிமான வகை இயல்பாக இல்லை. அங்கே முழு எண்தான் கதி.

ரவுண்டு பண்ணும் முறையும் ஒன்றல்ல. வட்டி 2.50 என்று வந்தால் ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி ஆகியவற்றின் வழக்கமான ரவுண்டு 3 என்று சொல்லும். பைத்தானும் சி ஷார்ப்பும் 2 என்று சொல்லும். இவை நடுவில் நிற்கும் எண்ணைப் பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளும், 3.50-ஐ 4 ஆக்கும். விஷுவல் பேசிக் 6-உம் அப்படித்தான். பழைய நிரலை அதிலிருந்து பிஎச்பிக்கு வரிக்கு வரி மாற்றி எழுதினால், எந்தச் சூத்திரத்திலும் தப்பு இல்லாமலேயே சில ரசீதுகளில் ஒரு ரூபாய் மாறும். இருபது வருடமாக வரும் வாடிக்கையாளர் அந்த ஒரு ரூபாயைக் கவனிப்பார். ஆகவே முறையை நிரலில் வெளிப்படையாக எழுத வேண்டும். மொழியின் வழக்கத்துக்கு விடக்கூடாது.

இரண்டாவது தேதி. ஜனவரி 31-இல் வைத்த நகைக்கு ஒரு மாதம் எப்போது முடிகிறது? ஜாவாவின் லோக்கல்டேட்டும் சி ஷார்ப்பும் பிப்ரவரி 28 என்கின்றன. டேட்டாபேஸ்களில் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் இரண்டும் அதையே சொல்லும். ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி, எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் ஆகியவை மார்ச் 3 என்கின்றன, லீப் வருடமாக இருந்தால் மார்ச் 2. பைத்தானின் மூல நூலகத்தில் மாதம் கூட்டும் வசதியே கிடையாது. திரையில் ஜாவாஸ்கிரிப்டும் உள்ளே மைஎஸ்க்யூஎல்லும் இருந்தால், ஒரே நகைக்கு வாடிக்கையாளர் பார்க்கும் தவணைத் தேதி ஒன்று, வட்டி போடும் தேதி இன்னொன்று. மாதத்துக்கு மேல் ஒரு நாள் ஆனால் முழு மாத வட்டியா, பதினைந்து நாள் வட்டியா என்பது கடைக்குக் கடை மாறும் வழக்கம். அதை எந்த நூலகமும் அறியாது. அதனால் மாதம் கூட்டும் பகுதியை ஒரே இடத்தில் எழுதி, ஜனவரி 29, 30, 31, பிப்ரவரி 29 ஆகிய தேதிகளைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

மூன்றாவது மின்வெட்டு. ஃபாக்ஸ்ப்ரோவில் டேபிள் ஒரு கோப்பு, அதன் இன்டெக்ஸ் இன்னொரு கோப்பு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் இரண்டும் ஒத்துப்போகாமல் நிற்கும். தேடினால் ரசீது கிடைக்காது, ஆனால் உள்ளே இருக்கும். புதிய நிரலுக்கு எஸ்க்யூலைட் போதும். 2000-இல் வந்தது, ஒற்றைக் கோப்பு, எழுதத் தொடங்கிய பதிவு முழுதாக முடியும், இல்லையென்றால் நடக்கவே இல்லை என்று பழைய நிலைக்குத் திரும்பும். இரண்டு எச்சரிக்கை மட்டும். அதில் டெசிமல் என்று வகை கொடுத்து டேபிளில் பத்தி அமைத்தாலும் உள்ளே பின்ன எண்ணாகத்தான் சேரும். இங்கும் பைசாவில் முழு எண்ணே வேண்டும். அடுத்து, கோப்பை நெட்வொர்க் ஃபோல்டரில் வைத்து இரண்டு கம்ப்யூட்டரிலிருந்து திறக்கக்கூடாது. பூட்டும் முறை அங்கே நம்பத்தக்கதாக இராது. முன்கடைக்கும் உள்ளறைக்கும் தனித்தனிக் கம்ப்யூட்டர் என்றால் போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்க்யூஎல்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் விண்டோஸ் கடைக்கு சி ஷார்ப் பொருத்தம். டெசிமல் கூடவே வருகிறது, பிரின்டரோடு பேசுவது எளிது, அந்த நிரல் ஓடத் தேவையான டாட் நெட் ஃபிரேம்வொர்க் 4.8 விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1-இலிருந்து விண்டோஸ் 11 வரை ஓடும், காரைக்குடியில் இல்லாவிட்டாலும் மதுரையில் திருச்சியில் தெரிந்தவர் கிடைப்பார். பைத்தானிலும் செய்யலாம். ஆனால் பைத்தான் நிரலை ஒற்றைக் கோப்பாகக் கட்டிக்கொடுக்கும்போது வைரஸ் தடுப்பு மென்பொருள் அதைச் சந்தேகப்பட்டுத் தூக்கி எறிவது அடிக்கடி நடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை திறக்கும்போது அது நடந்தால் பதில் சொல்ல ஆள் வேண்டும்.

கானாடுகாத்தானின் நீளம் என்ன?

தமிழில் பெயர் எழுதும் எந்த நிரலிலும் இந்தக் கேள்வி வரும். கானாடுகாத்தான் என்ற ஊர்ப்பெயருக்கு நம் கண்ணில் 7 எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் மெய்யுடன் உயிர்க்குறியோ புள்ளியோ தனி இலக்கமாகச் சேர்வதால் 14 குறியீடு. யுடிஎஃப் 8 என்ற சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், ஆக 42 பைட். நீளம் கேட்டால் ஸ்விஃப்ட் மொழி 7 என்கிறது. பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் 14 என்கின்றன. கோ மொழியின் லென் 42 என்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை, எண்ணும் பொருள் வேறு.

இதன் விளைவு ரசீதில் தெரியும். ஊர்ப்பெயருக்கு 20 இடம் ஒதுக்கி, நீளத்தைக் கழித்து மீதிக்கு இடைவெளி போடும் நிரல் ஆங்கிலத்தில் நேர்கோடாக நிற்கும், தமிழில் தொகைப் பத்தி கோணலாகும். பைட் கணக்கில் 40 ஒதுக்கிய பழைய டேபிளில் கானாடுகாத்தான் ஏறினால் கடைசிப் புள்ளியின் மூன்று பைட்டில் ஒன்று மட்டும் உள்ளே நிற்கும். திரையில் கானாடுகாத்தான என்று வந்து பக்கத்தில் ஒரு கட்டம் தெரியும். டார்ட் மொழியிலும் இயல்பான நீளம் 14 தான். அதற்கென உள்ள கேரக்டர்ஸ் நூலகத்தைச் சேர்த்தால் 7 வரும்.

அகரவரிசையும் தானாக வராது. யூனிகோடு அட்டவணையில் ந-வை அடுத்தே ன இருக்கிறது, ர-வை அடுத்து ற, பிறகு ல, ள, ழ, வ. நாம் பள்ளியில் படித்த வரிசை வேறு. குறியீட்டு எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் வள்ளியப்பன் முன்னால் நிற்பார், வழி என்ற சொல் அவருக்குப் பின்னால் வரும்; பள்ளி வரிசையில் ழ-தான் ள-வுக்கு முன். ஜ-வில் தொடங்கும் பெயர்கள் ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவே புகுந்துவிடும். ஜாவாஸ்கிரிப்டில் வரிசைப்படுத்தும் கருவியான இன்டல் கொலேட்டருக்குத் தமிழ் என்று சொன்னால் சரியாகும். போஸ்ட்கிரெஸில் 10-வது பதிப்பிலிருந்து ஐசியு என்ற பன்மொழி வரிசைமுறை இருக்கிறது. பைத்தானில் பைஐசியு என்ற நூலகத்தைத் தனியே நிறுவ வேண்டும்.

ரசீது அச்சிடும் சின்னத் தெர்மல் பிரின்டர்களில் பெரும்பாலும் தமிழ் எழுத்துரு இராது. வரியைப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும்: 58 மில்லிமீட்டர் பிரின்டருக்கு 384 புள்ளி அகலம், 80 மில்லிமீட்டருக்குப் பெரும்பாலும் 576. தவணை நினைவூட்டும் எஸ்எம்எஸ் ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70 குறியீடு, அதைத் தாண்டினால் துண்டுக்கு 67. கானாடுகாத்தானுக்கே 14 போய்விடும்.

இணையத்தில் செட்டிநாட்டு வீடு

கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகள் சில தங்கும் விடுதிகளாகிவிட்டன. பத்து அறை, ஆறு பக்கம் விவரம், படங்கள், முன்பதிவு. இதற்கு ஜாவாஸ்கிரிப்டின் ரியாக்டும் நோடும் வைத்துத் தனி சர்வர் கட்டிக்கொடுப்பவர்கள் உண்டு. கட்டி முடித்த அன்று அழகாகவே இருக்கும். அது எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய நிரல். நின்றால் எழுப்ப ஆள் வேண்டும், நூலகங்களைப் புதுப்பிக்க ஆள் வேண்டும். விடுதி மேலாளரின் வேலை அது அல்ல. 2003-இலிருந்து இருக்கும், வலைத்தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ், அதன் கீழே பிஎச்பி, சாதாரணப் பகிர்வு ஹோஸ்டிங் போதும். பிஎச்பியில் ஒவ்வொரு கோரிக்கையும் புதிதாகப் பிறந்து முடிந்துபோகும். ஒன்று விழுந்தால் அடுத்தது எழுந்து நிற்கும். அதன் பலவீனம் வேறு இடத்தில்: புதுப்பிக்காத பிளகின் (மேலே சேர்க்கும் கூடுதல் நிரல்) வழியாகத்தான் பெரும்பாலும் திருடன் வருவான். விவரப் பக்கம் மட்டும் போதுமென்றால் வெறும் எச்டிஎம்எல். அதைப் போல ஆயுள் உள்ளது எதுவும் இல்லை.

ஒரே அறை இரண்டு பேருக்குப் பதிவாவதைக் கண்டு மொழியைத் திட்டுவார்கள். காலியா என்று பார்க்கும் கணத்துக்கும் பதியும் கணத்துக்கும் நடுவே இன்னொருவர் நுழைந்துவிடுகிறார், அவ்வளவுதான். அறை எண், தேதி இரண்டும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்று டேபிளிலேயே கட்டுப்பாடு வைத்தால் டேட்டாபேஸே இரண்டாவதை மறுத்துவிடும். தேதியில் மட்டும் ஜாவாஸ்கிரிப்ட் தனக்கென்று ஒரு சேட்டை வைத்திருக்கிறது: 2026-01-15 என்று எழுத்தாகக் கொடுத்தால் அதை கிரீன்விச் நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். நம் ஊரில் அது காலை ஐந்தரை, தேதி மாறாது, சோதனையில் எல்லாம் சரி. அமெரிக்காவில் இருக்கும் உறவினர் பொங்கலுக்கு அறை பார்க்கும்போது திரையில் முந்தைய நாள் தெரியும். தங்கும் தேதியை நேரமில்லாத எழுத்தாகவே கடைசிவரை வைத்திருப்பது நல்லது.

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கு, வாடிக்கையாளர் தன் கூடத்தில் பூ வேலைப்பாட்டைப் பொருத்திப் பார்க்கும் பக்கம் வேண்டுமென்றால், அது பிரவுசரில் நடப்பது, ஜாவாஸ்கிரிப்டும் கேன்வாஸும். வரைவது சுலபம், எண்ணிக்கையில்தான் ஏமாற்றம். 12 அடிக்கு 15 அடி அறை, 10 அங்குல டைல்ஸ். பரப்பை வைத்து வகுத்தால் 259.2, அதாவது 260. அறையில் வரிசை எண்ணினால் ஒரு பக்கம் 14.4, அதை 15 என்று எடுக்க வேண்டும், மறுபக்கம் 18, ஆக 270. வேலைப்பாடு உள்ள டைல்ஸில் ஒரு ஓரம் வெட்டி மிஞ்சியது மறு ஓரத்துப் பூவோடு சேராது. கையால் வார்த்து, வெயிலில் காயவைத்து, தொட்டியில் ஊறப்போடும் சரக்கு. பத்து டைல்ஸ் குறைந்தால் மறுபடி அதே நிறம் கலக்க வேண்டும். இந்தத் தப்பு எல்லா மொழியிலும் ஒரே மாதிரி நடக்கும்.

போன் செயலி வேண்டுமா?

பலகாரம் விற்பவர்கள் கேட்கும் கேள்வி இது. மனகோலமும் தேன்குழலும் சீப்புச் சீடையும் சிங்கப்பூருக்கு அனுப்ப ஆர்டர் எடுப்பதற்குச் செயலி வேண்டாம். ஒரு வலைப்பக்கமும் வாட்ஸ்ஆப்பும் போதும். பலகாரத்துக்காக யாரும் போனில் இன்னொரு கட்டம் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள்.

சீட்டுத் தவணை வசூலுக்குச் சுற்றுப்பட்டி கிராமங்களுக்குப் போகிறவருக்கு வேண்டும். சிக்னல் இல்லாத இடத்திலும் பதிய வேண்டும், புளூடூத் பிரின்டரில் ரசீது வர வேண்டும், சாயங்காலம் கடைக்கு வந்ததும் கணக்கு சேர வேண்டும். ஆண்ட்ராய்டு மட்டும் என்றால் கோட்லின் மொழி. 2019-இலிருந்து கூகுள் தன் ஆண்ட்ராய்டு வழிகாட்டல்களில் அதற்கே முதலிடம் கொடுக்கிறது. ஐபோனும் வேண்டுமென்றால் ஃப்ளட்டர், அதன் மொழி டார்ட். ஐபோனுக்குக் கட்ட மேக் கம்ப்யூட்டர் வேண்டும், ஆப்பிளுக்கு வருடத்துக்கு 99 டாலர். பிளே ஸ்டோரில் ஒருமுறை 25 டாலர். வசூல் பையன்கள் கையில் இருப்பது எல்லாம் ஆண்ட்ராய்டு என்றால் அந்த 99 டாலரைப் பற்றிப் பேசவே வேண்டாம். இரண்டு போனில் ஒரே ரசீது எண் விழாமல் இருக்க, போனுக்கு ஒரு முன்னெழுத்து கொடுத்து எண்ணை ஓட்ட வேண்டும். இதை மறந்தால் சாயங்காலம் சேர்க்கும்போது ஒருவர் கட்டிய பணத்தின் மேல் இன்னொருவர் பணம் ஏறும்.

தொட்டியும் மோட்டாரும்

ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் கீழே போனால் மோட்டாரை நிறுத்த வேண்டும், தொட்டி நிறைந்தாலும் நிறுத்த வேண்டும். ஆர்டுயினோ உனோ ஆர்3 என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையில் இருப்பது 32 கிலோபைட் ஃபிளாஷ், 2 கிலோபைட் மெமரி. பைத்தானுக்கு இங்கே உட்கார இடமில்லை. சி பிளஸ் பிளஸ்தான், அதிலும் பாதியை ஒதுக்கிவிட்டு. எழுத்துச் சரத்துக்கான ஸ்ட்ரிங் என்ற வகையைத் தாராளமாகப் பயன்படுத்தினால் அந்த 2 கிலோபைட் துண்டு துண்டாகச் சிதறி, சில நாள் ஓடி ஒரு நள்ளிரவில் உறைந்து நிற்கும். மேசையில் அரைமணி நேரச் சோதனையில் இது வராது.

இந்தச் சிப்பில் இன்ட் என்றால் 16 பிட், உச்சம் 32767. மில்லிவிநாடி எண்ணிச் சொல்லும் மில்லிஸ் என்ற கட்டளை தரும் நேரத்தை அதில் பிடித்தால் 32.767 விநாடியில் எண் எதிர்மறைக்குப் புரளும். குறியற்ற 32 பிட் எண்ணில் பிடித்தால் 49.7 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பும். அதற்குப் பயப்பட வேண்டாம்: இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்து ஒப்பிட்டால் திரும்பும்போதும் விடை சரியாக வரும், தொடங்கிய நேரத்தோடு இடைவெளியைக் கூட்டி ஒப்பிட்டால்தான் வம்பு. மோட்டார் ஓடிய நிமிடத்தை, கரண்ட் போனாலும் அழியாத ஈஈப்ராம் நினைவகத்தில் நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் எழுதுபவர்கள் உண்டு. அந்த இடத்தில் ஒரு லட்சம் முறை எழுதத்தான் உத்தரவாதம். நாளைக்கு 1440 என்றால் 69 நாளில் உத்தரவாதம் தீர்ந்தது. மோட்டார் நிற்கும்போது மட்டும் எழுதினால் பல வருடம் வரும்.

போனில் அளவு பார்க்க வேண்டும், வைஃபை வேண்டும் என்றால் ஈஎஸ்பி 32 என்ற சிப். 520 கிலோபைட் மெமரி இருப்பதால், சிப்புகளுக்கான சின்னப் பைத்தானான மைக்ரோபைத்தான் ஓடும். நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டி மட்டம் படிப்பதற்கு அது தாராளம். மைக்ரோபைத்தான் அவ்வப்போது மெமரியைக் கூட்டிப்பெருக்கச் சற்று நிற்கும். ஆகவே மில்லிவிநாடிக் கணக்கில் பதில் சொல்ல வேண்டிய வேலையை அதனிடம் விடக்கூடாது. மோட்டார் ஸ்டார்ட்டர் கான்டாக்டர் தட்டும்போது சிப் ரீசெட் ஆவது நிரல்மொழியால் தீராது. அது வயரிங் சமாச்சாரம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஆய்வுக்கூடக் கணக்கு

காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருப்பதால் பேட்டரி அளவீட்டோடு மல்லுக்கட்டும் மாணவர்கள் இந்த ஊரில் அதிகம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட நிறுவனம் அது. பேட்டரியை ஏற்றி இறக்கி விநாடிக்கு ஒரு அளவு எடுத்தால் நாளைக்கு 86,400 வரி. எக்செல் தாளில் மொத்தம் 10,48,576 வரி. பதின்மூன்றாம் நாளில் தாள் நிரம்பிவிடும். அதற்கு மேல் திறக்கும் கோப்பில் மீதி வரிகள் தாளுக்குள் வராது. அதே கோப்பைச் சேமித்தால் அவை போயே போய்விடும்.

இங்கே பைத்தான். முப்பது நாள் அளவு என்பது சுமார் 26 லட்சம் வரி. நேரம், வோல்ட், ஆம்பியர் என்று மூன்று பத்தி, ஒவ்வொன்றும் 8 பைட் என்றால் 62 மெகாபைட்தான். சாதாரண லேப்டாப் போதும். பைத்தானின் லூப்பில் வரி வரியாகக் கூட்டினால் மெதுவாக இருக்கும். நம்பை என்ற நூலகம் வழியாகப் பத்தி முழுவதையும் ஒரே கட்டளையில் கூட்டினால் பத்து மடங்கிலிருந்து நூறு மடங்கு வரை வேகம். காரணம், உள்ளே கணக்கிடுவது சி. நேரியல் இயற்கணிதத்துக்கு அதன் அடியில் இருப்பது லாபேக் என்ற பழைய நூலகத்தின் மரபு, அது ஃபோர்ட்ரானில் எழுதியது. 1957-இல் வந்த ஃபோர்ட்ரான் இன்றும் அங்கே இருப்பதற்குக் காரணம் சரிபார்த்து முடித்த கணக்கை யாரும் காரணமில்லாமல் மாற்றி எழுதுவதில்லை என்பதே. புள்ளியியல் மட்டும் என்றால் ஆர் என்ற மொழி வசதி. ஆய்வேடு முடியும் நாளில் நூலகங்களின் பதிப்பு எண்களை ஒரு கோப்பில் எழுதி வைக்காவிட்டால், இரண்டு வருடம் கழித்து அதே நிரல் அதே வரைபடத்தைத் தராது.

ரஸ்ட்தான் வேகம் என்று சொன்ன பங்காளி வீட்டுப் பையனுக்கும் பதில் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்புத் திருத்தங்களில் சுமார் 70 சதவீதம் மெமரியைத் தவறாகக் கையாண்டதால் வந்தவை என்று 2019-இல் சொன்னது. குரோம் பிரவுசர் குழுவும் தன் கடுமையான குறைகளில் ஏறக்குறைய அதே பங்கைச் சொன்னது. சி, சி பிளஸ் பிளஸ் எழுதும் இடத்தில் அந்தத் தவறுகளை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரிலேயே பிடிப்பதற்குத்தான் ரஸ்ட், முதல் நிலைப் பதிப்பு 2015. பிரவுசர், இயங்குதளம், வெளியாள் அனுப்பும் கோப்பைப் பிரிக்கும் நிரல், இவற்றுக்கு அது சரி. பல ஆயிரம் இணைப்புகளை ஒரே சமயத்தில் தாங்கும் சர்வருக்கு கோ எளிது. ஒற்றைக் கோப்பாகக் கட்டி வைத்துவிடலாம். அடகுக்கடையில் இந்த இரண்டு பிரச்சினையும் இல்லை. அங்கே ரஸ்ட் எழுதினால் பழுதுபார்க்க பெங்களூரிலிருந்து அந்தப் பையனே வர வேண்டும்.

கைமாற்றும்போது

வேலை முடிந்து பணம் கொடுக்கும் நாளில் கடைக்காரர் கேட்டு வாங்க வேண்டியவை சில. மூல நிரல், பென் டிரைவிலோ அவர் பெயரிலுள்ள கணக்கிலோ. டேட்டாபேஸின் கடவுச்சொல். எல்லா டேபிளையும் சாதாரண உரைக் கோப்பாக வெளியே எடுக்கும் பொத்தான் ஒன்று, அது வேலை செய்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு. மொழி மாறலாம், நிரல் மாறலாம். அடகு வைத்தவரின் பதிவு மாறக்கூடாது. ரவுண்டு பண்ணும் முறையும் மாதம் கூட்டும் முறையும் ஒரே ஒரு தாளில், தமிழில். வலைத்தளம் என்றால் டொமைன் பெயர் கடைக்காரர் பெயரிலேயே பதிந்திருக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு செயலி என்றால் இன்னொன்று உண்டு, கையொப்பச் சாவிக் கோப்பு. பிளே ஸ்டோர் வழியாக வரும் புதிய செயலிகளில் கடைசிச் சாவி கூகுளிடம் இருப்பதால் பதிவேற்றும் சாவி தொலைந்தால் மாற்று கேட்டு வாங்கலாம். வசூல் செயலியை ஸ்டோரில் போடாமல் வாட்ஸ்ஆப்பில் அனுப்பி நிறுவினால், அங்கே அந்த வழி இல்லை. சாவி தொலைந்தால் புதிய பதிப்பு பழையதன் மேல் ஏறாது. பழையதை நீக்கிவிட்டுத்தான் நிறுவ முடியும், நீக்கும்போது போனில் சேராமல் இருந்த அன்றைய வசூலும் சேர்ந்தே அழியும். சாவிக் கோப்பின் ஒரு நகலைப் பென் டிரைவில் போட்டு, கடவுச்சொல்லைத் தனித்தாளில் எழுதி, நகைப்பெட்டி இருக்கும் இரும்புப் பெட்டியிலேயே வைக்கலாம்.